சிலை நம்முடையது, வரைபடம் யாருடையது?

பட்டணங்களில் இப்போது ஒரு புதிய பெருமை பேசப்படுகிறது. தெருவில் நிற்கும் சிலை எது, பாலத்தின் அடியில் இருக்கும் சித்திரம் எது, அதைச் செய்தவர் யார் என்று யாரிடமும் கேட்டு அலைய வேண்டியதில்லையாம். செல்போனை எடுத்து 'ஆப்'பைத் திறந்தால் போதுமாம். அதுவே கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போய்ச் சிலையின் முன்னால் நிறுத்திவிடுமாம். மியூசியத்துக்கு டிக்கெட் வாங்க வேண்டாம், வாசலில் காவற்காரன் முறைக்க மாட்டான், கலை இனிமேல் எல்லோருக்கும் சொந்தம், கலையில் ஜனநாயகம் வந்துவிட்டது என்று சொல்லுகிறார்கள்.

கேட்பதற்கு இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் "எல்லோருக்கும் சொந்தம்" என்று பணக்காரன் சொல்லும்போது, பத்திரம் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று கேட்பது உழைப்பாளியின் கடமை. தோழர்களே, நாமும் அதைக் கேட்போம்.

நமக்கு இதில் என்ன?

"மில்லில் ஷிப்டு முடிந்து வருகிற தொழிலாளிக்கும், நாள் முழுக்க நாற்று நட்டு இடுப்பு ஒடிந்து வருகிற விவசாயத் தொழிலாளிக்கும் சிலையைப் பற்றி என்ன கவலை? கூலியைப் பற்றி எழுதும், பஞ்சப்படியைப் பற்றி எழுதும்!" என்று சில தோழர்கள் சொல்லக்கூடும். கூலியைப் பற்றி எழுதுவதை நாம் நிறுத்தவில்லை, நிறுத்தப்போவதும் இல்லை. ஆனால் இந்தத் தோழர்களுக்கு ஒரு கேள்வி. அந்தச் சிலைகளில் நிற்பது யார்?

சென்னைக் கடற்கரைக்குப் போய்ப் பாருங்கள். 1959ஆம் ஆண்டு முதல் அங்கே நான்கு உழைப்பாளிகள் ஒரு பெரும் பாறையை நெம்பிப் புரட்டிக்கொண்டிருக்கிறார்கள். சென்னைக் கலைக் கல்லூரியின் தலைவராக இருந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்த உழைப்பாளர் சிலை அது. அந்த நால்வரின் உடம்பில் ஒரு முழத் துணியைத் தவிர வேறில்லை. ஆனால் விலா எலும்பும் நரம்பும் முறுக்கேறிய தோளும் பேசுகின்றன. இதே சென்னைக் கடற்கரையில்தான் 1923ஆம் ஆண்டு மே முதல் நாளன்று சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினக் கூட்டத்தை நடத்தினார்.

வங்காளத்தில் சாந்திநிகேதனில் இன்னொரு சிலை இருக்கிறது. ராம்கிங்கர் பைஜ் என்ற சிற்பி சிமெண்டும் ஜல்லியும் கலந்து 1956ல் செய்தது. ஆலைச் சங்கு ஊதிவிட்டது. இரண்டு சந்தால் பெண்கள் விழுந்தடித்து ஓடுகிறார்கள். ஈரப் புடவையைப் பிழிந்து உலர்த்தக்கூட நேரமில்லை. ஓடிக்கொண்டே காற்றில் பறக்கவிட்டுக் காயவைக்கிறார்கள். பின்னாலே ஒரு பிள்ளை ஓடுகிறது. 'ஆலை அழைப்பு' என்பது அதன் பெயர். சங்கு ஊதி வாசல் கதவு சாத்தப்படுவதற்குள் ஓடிப்போய் நுழைந்தவர்களுக்கு அந்தச் சிலையைப் பற்றி எந்தப் பண்டிதரும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

ஆக, பொது இடத்துக் கலை என்பது கனவான்களின் பொழுதுபோக்கு அல்ல. அது தெருவில் நிற்கிறது. தெரு நம்முடையது. அதைச் செய்த செம்பும் சிமெண்டும் நம் உழைப்பு. அதற்கான பணம் பெரும்பாலும் நகரசபையின் கஜானாவிலிருந்து, அதாவது ஜனங்கள் கட்டிய வரியிலிருந்து வந்தது. அதில் வடிக்கப்பட்டிருப்பது பல இடங்களில் நம் உடம்பு. அப்படிப்பட்ட சொத்துக்கு ஒருவன் வரைபடம் போட்டு விற்கிறான் என்றால், அது நமக்குச் சம்பந்தமில்லாத விஷயம் ஆகுமா?

யந்திரம் எப்படி வழி காட்டுகிறது?

முதலில் யந்திரத்தைப் புரிந்துகொள்வோம். புரியாத யந்திரத்தைக் கண்டு பிரமிப்பதும் தவறு, பயப்படுவதும் தவறு.

வானத்தில் அமெரிக்க சர்க்காரின் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் சுற்றுகின்றன. உலகம் முழுவதும் எந்நேரமும் பயன்பட வேண்டுமானால் குறைந்தது 24 தேவை. ஒவ்வொன்றும் "இந்த நேரத்தில் நான் இந்த இடத்தில் இருக்கிறேன்" என்று ஓயாமல் சமிக்ஞை அனுப்பிக்கொண்டிருக்கிறது. செல்போன் அவற்றில் நான்கையாவது கேட்டு, சமிக்ஞை வந்துசேர எடுத்த நேரத்தைக் கணக்கிட்டு, தான் நிற்கும் இடத்தைக் கண்டுபிடித்துக்கொள்கிறது. ஆப் அந்த இடத்தைத் தன்னிடமுள்ள சிலைகளின் பட்டியலோடு ஒப்பிட்டு, "வலப்பக்கம் திரும்பு, 200 மீட்டர் நட" என்று சொல்லுகிறது. சில ஆப்களில் சிலையைப் படம் பிடித்தாலே பெயர் சொல்லும். சில இடங்களில் பீடத்தில் கியூ ஆர் கோடு ஒட்டியிருப்பார்கள். டீக்கடையில் காசு அனுப்பக் காட்டுகிறோமே, அதே கட்டங்கட்டமான சதுரம்தான்.

இதில் இரண்டு விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். முதலாவது, இந்தச் செயற்கைக்கோள்களை ஏவியது எந்த ஆப் கம்பெனியும் அல்ல. அமெரிக்க ராணுவம் ஜனங்களின் வரிப்பணத்தில் ஏவியது. சிலையும் பொதுப்பணம், செயற்கைக்கோளும் பொதுப்பணம். நடுவில் நின்று கடை விரித்தவன் மட்டும் தனியார். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்ற கதைதான்.

இரண்டாவது, செயற்கைக்கோள் நம்மைப் பார்ப்பதில்லை. அது அனுப்புகிறது, போன் கேட்கிறது. அவ்வளவே. நீங்கள் நிற்கும் இடம் உங்கள் போனுக்குள்ளேயே இருந்துவிடலாம். பட்டியலை ஒரு முறை இறக்கி வைத்துக்கொண்டால், வழி காட்டுவதற்காக அந்தத் தகவல் போனைவிட்டு வெளியே போக வேண்டிய அவசியமே இல்லை. வெளியே போகிறது என்றால், ஒருவன் அதை வேண்டுமென்றே எடுத்துப் போகிறான். இந்த வித்தியாசத்தைப் புரிந்துகொண்டவர்களை எந்தக் கம்பெனிக்காரனும் ஏய்க்க முடியாது.

கூலியில்லா வேலைக்காரர்கள்

எடுத்துப் போய் என்ன செய்கிறான்? அதற்கும் சாட்சி இருக்கிறது.

2016ஆம் ஆண்டு உலகமெங்கும் 'போக்கிமான் கோ' என்ற விளையாட்டு பைத்தியம் போலப் பரவியது. இளைஞர்கள் போனைக் கையில் பிடித்தபடி தெருத்தெருவாக நடந்தார்கள். அந்த விளையாட்டில் நின்று போக வேண்டிய நிலையங்களில் பெரும்பகுதி எவை தெரியுமா? ஊர்களில் உள்ள சிலைகள், சுவரோவியங்கள், நினைவுச் சின்னங்கள். அந்தப் பட்டியலை நியான்டிக் என்ற கம்பெனி சம்பளம் கொடுத்து ஆள் வைத்துத் தயாரிக்கவில்லை. அதற்கு முன்பு நடத்திய வேறொரு விளையாட்டில் ஆடியவர்களே தங்கள் தங்கள் ஊர்ச் சிலைகளைப் படம் பிடித்து, இடம் குறித்து அனுப்பினார்கள். அதே 2016ல் ஜப்பானில் மக்டொனால்ட்ஸ் கம்பெனி பணம் கொடுத்தது. அதன் ஏறத்தாழ 3,000 சாப்பாட்டுக் கடைகளும் விளையாட்டுக்குள் நுழைந்தன. சிலையைத் தேடி வந்த கால்களைக் கடைப் பக்கம் திருப்பிவிடுவதற்குத்தான் அந்தப் பணம்!

அதோடு நிற்கவில்லை. சிலையைச் சுற்றி நடந்து போனால் படம் பிடித்து அனுப்பினால் விளையாட்டில் பரிசு என்றார்கள். பிள்ளைகள் அனுப்பினார்கள். 2024 நவம்பரில் அந்தக் கம்பெனி, இவ்வாறு சேர்ந்த படங்களைக்கொண்டு உலகத்தின் இடங்களையெல்லாம் யந்திரங்கள் அடையாளம் காணும் ஒரு செயற்கை அறிவு மாதிரியைக் கட்டிக்கொண்டிருப்பதாக அறிவித்தது. 2025ல் விளையாட்டு வியாபாரத்தை மட்டும் 350 கோடி டாலருக்கு, சவூதி அரேபிய சர்க்காரின் முதலீட்டு நிதிக்குச் சொந்தமான ஸ்கோப்லி என்ற கம்பெனிக்கு விற்றது. இடங்களைப் பற்றிய அந்த வரைபட வித்தையைத் தன்னிடமே வைத்துக்கொண்டது.

தோழர்களே! மில்லில் எட்டு மணி நேரம் நூற்றால் கூலி குறைவாகவாவது கிடைக்கும். வயலில் களை எடுத்தால் சண்டை போட்டாவது வாங்கலாம். இங்கே லட்சக்கணக்கானவர்கள் நடந்தார்கள், படம் பிடித்தார்கள், பட்டியல் போட்டார்கள். கூலி? ஒரு பொம்மைப் பரிசு. லாபம்? கோடிகோடியாய்க் கம்பெனிக்கு. வேலை செய்கிறோம் என்ற நினைப்பே வராமல் வேலை வாங்குவது சுரண்டலின் கடைசிப் பாடம்.

கூகுள் கம்பெனியின் கதை இன்னொன்று. அதுவும் தெருக்கலைக்கென்று 2014 முதல் இணையத்தில் காட்சிசாலை நடத்துகிறது. கலைக்கென்றே தனி ஆப்பும் வைத்திருக்கிறது. நல்லது. ஆனால் ஜனங்கள் "என் நடமாட்டத்தைப் பதிவு செய்யாதே" என்று பொத்தானை அணைத்த பிறகும் அதன் மற்ற வழிகளில் நடமாட்டம் பதிவாகிக்கொண்டிருந்தது என்று அமெரிக்காவின் 40 மாநிலங்கள் குற்றம் சாட்டின. 2022 நவம்பரில் 39 கோடியே 15 லட்சம் டாலர் கொடுத்து அந்த விவகாரத்தைக் கம்பெனி தீர்த்துக்கொண்டது. நம் நாட்டிலும் சொந்தத் தகவல்களைப் பாதுகாக்க 2023ல் ஒரு சட்டம் நிறைவேறியது. "சம்மதமா?" என்று போன் கேட்கும்; ஆங்கிலத்தில் பத்துப் பக்கம் ஓடும்; கீழே ஒரு பொத்தான். இதற்கும் அந்தக் காலத்துக் கங்காணி நீட்டிய கைநாட்டுக் காகிதத்துக்கும் என்ன வித்தியாசம்?

பட்டியலில் யார்? பட்டியலுக்கு வெளியே யார்?

"தகவல்தானே போகிறது, போகட்டும்; சிலையைப் பார்க்கிறோம் அல்லவா?" என்று ஒருவர் கேட்கலாம். எந்தச் சிலையை என்பதே அடுத்த கேள்வி. ஆப் இருப்பதைத்தான் காட்டும். ஏன் இது இருக்கிறது, ஏன் அது இல்லை என்று சொல்லாது.

சிகாகோ நகரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1886 மே மாதம் எட்டு மணி நேர வேலைக்காகத் தொழிலாளர்கள் திரண்ட ஹேமார்க்கெட் சதுக்கம் அங்கே இருக்கிறது. 1887 நவம்பர் 11ல் நான்கு தலைவர்கள் தூக்கிலிடப்பட்டார்கள். பிறகு அந்தச் சதுக்கத்தில் எழுந்த முதல் சிலை யாருடையது? 1889ல் எழுந்தது ஒரு போலீஸ்காரரின் சிலை! தூக்கில் தொங்கியவர்களுக்கு 1893ல் நினைவுச் சின்னம் எழுந்தது; நகரத்துக்கு வெளியே, இடுகாட்டில். தலைவர்கள் ஏறி நின்று பேசிய வண்டியை நினைவூட்டும் செம்புச் சிற்பம் அந்த இடத்திலேயே வைக்கப்பட்டது 2004ல்தான். கணக்குப் போடுங்கள்: 118 ஆண்டுகள்! 1900ல் யாராவது ஆப் வைத்திருந்தால், அது தொழிலாளியை நேரே போலீஸ்காரரின் காலடிக்குத்தான் அழைத்துப் போயிருக்கும்.

நியூயார்க்கில் 1933ல் ராக்பெல்லர் முதலாளிகள் தங்கள் புதிய மாளிகையின் சுவரில் சித்திரம் தீட்ட மெக்சிகோவின் தியேகோ ரிவேராவை அழைத்தார்கள். அவர் தொழிலாளர்களைத் தீட்டினார். லெனினின் முகத்தையும் தீட்டினார். அழிக்கச் சொன்னார்கள், மறுத்தார். வேலையிலிருந்து நீக்கினார்கள். 1934 பிப்ரவரியில் சுவரோடு சேர்த்து இடித்துத் தூளாக்கினார்கள். அதே ஆண்டில் ரிவேரா மெக்சிகோ நகரத்துக் கலைமாளிகையில் அதை மறுபடியும் தீட்டினார், இன்றும் இருக்கிறது. சுவர் யாருக்குச் சொந்தமோ, அவன் சம்மதிக்கும் வரையில்தான் 'பொதுக் கலை'! ஆப் கொடுக்கும் பட்டியல் என்பது பெரும்பாலும் சொத்துக்காரர்கள் விட்டுவைத்தவற்றின் பட்டியல்.

சுவருக்கு வர்ணம், சுவருக்குப் பின்னால்?

இப்போது நம் ஊருக்கு வருவோம். சென்னையில் கண்ணகி நகர் இருக்கிறது. 2000ஆம் ஆண்டை ஒட்டி, நகரத்தின் நடுவிலும் ஆற்றங்கரைகளிலும் குடிசை போட்டு வாழ்ந்த ஏழை ஜனங்களைப் பெயர்த்தெடுத்து, மையத்திலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோய்க் குடியமர்த்திய இடம். பதினைந்தாயிரத்துக்கும் அதிகமான வீடுகள். முதலில் கட்டியவை 200 சதுர அடியைக்கூட எட்டவில்லை. வேலை ஒரு பக்கம், வீடு ஒரு பக்கம். வீட்டு வேலைக்கும் கட்டட வேலைக்கும் போகிறவர்கள் கூலியில் ஒரு பங்கைப் பஸ்ஸுக்கே கொடுத்தார்கள். "எங்கே இருக்கிறாய்?" என்று கேட்டு, "கண்ணகி நகர்" என்றதும் வேலை இல்லை என்று அனுப்பப்பட்ட இளைஞர்கள் எத்தனையோ பேர்.

2020ல் அங்கே ஸ்டார்ட் இந்தியா என்ற அமைப்பு, ஏஷியன் பெயிண்ட்ஸ் கம்பெனியின் துணையோடும் மாநகராட்சியின் ஒத்துழைப்போடும் அடுக்குமாடிச் சுவர்களில் பெரிய பெரிய ஓவியங்களைத் தீட்டியது. உழைக்கும் ஜனங்களின் முகங்களும் சிறுவர் சிறுமியரின் முகங்களும் நான்கு மாடி உயரத்துக்குச் சிரிக்கின்றன. அந்த ஓவியர்களின் திறமையை நாம் குறைத்துப் பேசவில்லை. அழுக்கேறிய சுவரில் நிறம் வந்தால் அங்கே குடியிருக்கும் தாய்க்கும் பிள்ளைக்கும் மனம் மலரும். ஏழையின் வீடு அழகாக இருக்கக் கூடாதா? இருக்க வேண்டும்! அதை மறுப்பவன் தொழிலாளியின் நண்பன் அல்ல.

ஆனால் வெளியூரிலிருந்து போனைப் பிடித்துக்கொண்டு வருகிறவருக்கு ஆப் எதைக் காட்டுகிறது? சுவரை. சுவருக்குப் பின்னால் இருக்கும் தண்ணீர்க் குழாயை அல்ல, சாக்கடையை அல்ல, பட்டா இல்லாத குடும்பத்தை அல்ல, இவர்கள் எந்த இடத்திலிருந்து பெயர்க்கப்பட்டார்கள், அந்த இடத்தில் இப்போது என்ன எழுந்திருக்கிறது என்பதை அல்ல. வர்ணத்தைக் காட்டி வர்த்தமானத்தை மறைக்கலாமா? ஓவியத்துக்கு விளம்பரம் வர்ணக் கம்பெனிக்கு, பெருமை அதிகாரிகளுக்கு, சுவருக்கு உள்ளே இருப்பவர்களுக்குத் தண்ணீர் லாரி எப்போது வரும் என்று சொல்ல ஒரு ஆப் உண்டா?

இதில் இன்னோர் ஆபத்தும் உண்டு. தெருவில் கலை வந்தால் பார்க்க ஆள் வரும். ஆள் வந்தால் காப்பிக் கடை வரும். கடை வந்தால் நிலத்தின் விலை ஏறும். விலை ஏறினால் வாடகை ஏறும். வாடகை ஏறினால் ஏழை வெளியேறுவான். பெர்லின் நகரத்தில் கிராய்ஸ்பெர்க் பகுதியில் ப்ளூ என்ற ஓவியர் தீட்டிய இரண்டு மாபெரும் சுவரோவியங்கள் உலகப் பிரசித்தி பெற்றன. அந்தப் புகழ் அந்த நிலத்தில் கட்டடம் எழுப்பி விற்க நினைத்தவர்களுக்குப் பயன்படத் தொடங்கியது. 2014 டிசம்பரில் ஓவியரின் சம்மதத்தோடேயே, அவற்றின் மேல் கறுப்பு வர்ணம் பூசப்பட்டது. "என் சித்திரம் உன் விலைச்சீட்டு அல்ல" என்று அந்தக் கறுப்புச் சுவர் சொல்லாமல் சொன்னது. 2016ல் இத்தாலியின் போலோனா நகரத்தில், தெரு ஓவியங்களைச் சுவரிலிருந்து பெயர்த்துக் காட்சிசாலைக்குள் கொண்டுபோனதைக் கண்டித்து, அதே ஓவியர் அங்கே தான் தீட்டியவற்றையெல்லாம் அழித்தார்.

நியூயார்க்கில் 'ஃபைவ் பாயின்ட்ஸ்' என்ற பழைய தொழிற்சாலைக் கட்டடம் முழுக்க ஓவியங்கள். உலகமெங்கிலுமிருந்து வந்து பார்த்தார்கள். 2013 நவம்பரில் கட்டடத்தின் சொந்தக்காரர் ஒரே இரவில் வெள்ளையடித்துவிட்டார். பிறகு இடித்து அடுக்குமாடி வீடுகள் கட்டப்பட்டன. 21 ஓவியர்கள் ஒன்றுசேர்ந்து வழக்குப் போட்டார்கள். 2018ல் 67 லட்சத்து 50 ஆயிரம் டாலர் நஷ்டஈடு தீர்ப்பானது. 2020ல் மேல்கோர்ட்டும் அதை உறுதி செய்தது. ஒன்றுசேர்ந்ததால் கிடைத்தது என்பதைக் கவனியுங்கள்! தனித்தனியாக நின்றிருந்தால் வெள்ளையடித்ததோடு கதை முடிந்திருக்கும்.

நம் நாட்டிலும் ஒரு வழக்கு உண்டு. டில்லி விஞ்ஞான பவனத்தில் அமர்நாத் சேகல் என்ற சிற்பி 140 அடி நீளத்துக்குச் செய்த செம்புச் சிற்பம் 1962ல் நிறுவப்பட்டது. 1979ல் கட்டடத்தைப் புதுப்பிக்கிறோம் என்று சர்க்கார் அதைப் பெயர்த்துக் கிடங்கில் போட்டுவிட்டது. அவர் கோர்ட்டுக்குப் போனது 1992ல். டில்லி உயர்நீதிமன்றத்தின் தீர்ப்பு வந்தது 2005ல். எஞ்சியதைத் திருப்பிக் கொடு, ஐந்து லட்சம் ரூபாய் நஷ்டஈடு கொடு என்றது தீர்ப்பு. நம் மெரினாவில் 1968ல் வைத்த கண்ணகி சிலையே 2001 டிசம்பரில் பெயர்க்கப்பட்டு, 2006ல்தான் திரும்பி வந்தது. சிலை போனால் ஆப் அழுமா? பட்டியலில் ஒரு வரி குறையும், அவ்வளவுதான். கேட்பதற்கு மனிதர்கள் வேண்டும், ஸ்தாபனம் வேண்டும்.

யந்திரத்தை உடைப்பதா, கைப்பற்றுவதா?

இவ்வளவும் சொன்னதால், செல்போனைக் கிணற்றில் போடச் சொல்லுகிறோம் என்று யாரும் நினைக்க வேண்டாம். தறி வந்த காலத்தில் தறியை உடைத்தவர்கள் இருந்தார்கள். அவர்களுடைய கோபம் நியாயமானது, குறி தவறானது. எதிரி யந்திரம் அல்ல, யந்திரத்தின் சொந்தக்காரன் என்று தொழிலாளி வர்க்கம் அனுபவத்தில் கற்றுக்கொண்டது. இங்கும் அதே பாடம்தான்.

வேறு வழி இருக்கிறது என்பதற்கு அத்தாட்சி உண்டு. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்தில் பொதுக் கலைக்கான ஒரு சங்கம் 2010ல் ஓர் ஏற்பாடு செய்தது. சிலையின் பக்கத்தில் ஒரு டெலிபோன் எண் இருக்கும். எந்தப் போனிலிருந்தும் கூப்பிடலாம். அந்தச் சிலையின் கதையைத் தெரிந்தவர்கள் தங்கள் குரலில் சொல்லுவார்கள். ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய போன் வேண்டாம். பொத்தான் போன் போதும். 28 நாளைக்கு ஒரு முறை ரீசார்ஜ் செய்யச் சொல்லி வருஷத்துக்கு 13 மாதம் ஆக்கிவிட்ட கம்பெனிகளின் நாட்டில், இது சின்ன விஷயம் அல்ல.

2004ல் இங்கிலாந்தில் தொடங்கிய 'ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்' என்ற உலக வரைபடம் இருக்கிறது. எந்த முதலாளிக்கும் அது சொந்தமல்ல. யார் வேண்டுமானாலும் இடத்தைச் சேர்க்கலாம், பெயரைத் தமிழிலேயே எழுதலாம், யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தலாம். தமிழ் விக்கிப்பீடியாவும் அப்படியே. ஆகையால் "கம்பெனி இல்லாவிட்டால் வரைபடமே இல்லை" என்பது பூச்சாண்டி.

ஆகவே மாநகராட்சிகளையும் சர்க்காரையும் நாம் கேட்க வேண்டியது இது:

1. ஒவ்வொரு நகரத்திலும் உள்ள சிலைகள், சுவரோவியங்கள், நினைவுச் சின்னங்களின் முழுப் பட்டியலை நகரசபையே தயாரித்துப் பொதுச் சொத்தாக வெளியிட வேண்டும். எந்தத் தனிக் கம்பெனிக்கும் தனியுரிமை கூடாது.

2. பொதுப்பணத்தில் செய்யும் எந்த ஆப்பும் ஜனங்களின் நடமாட்டத்தைச் சேர்க்கவும் விற்கவும் கூடாது. பட்டியலை இறக்கி வைத்துக்கொண்டால் போனுக்குள்ளேயே வழி காட்டும்படி செய்ய வேண்டும்.

3. விளக்கம் முதலில் தமிழில். எழுத்துப் படிக்காதவருக்குக் குரலில். பொத்தான் போனிலும் கேட்கும்படி. போனே இல்லாதவருக்குச் சிலையின் அடியில் நல்ல பலகை.

4. சிற்பியின் பெயரோடு வார்ப்படம் வார்த்தவர், கல் சுமந்தவர், சாரம் கட்டியவர் பெயரும் ஏற வேண்டும். பணம் கொடுத்த கம்பெனியின் பெயருக்கு இடம் இருக்கும்போது இவர்களுக்கு இல்லையா?

5. குடியிருப்புச் சுவரில் தீட்டுவதென்றால் குடியிருப்போரின் கூட்டத்தில் கேட்டுத் தீட்ட வேண்டும். சுவருக்கு வர்ணம் வருகிற நாளிலேயே குழாய்க்குத் தண்ணீரும் குடும்பத்துக்குப் பட்டாவும் வர வேண்டும். கலை வந்ததைக் காரணம் காட்டி ஒரு குடும்பத்தைக்கூட வெளியேற்றக் கூடாது.

6. பொது இடத்துச் சிலையையோ ஓவியத்தையோ அகற்றுவதற்கு முன் ஜனங்களுக்கு அறிவித்து, ஆட்சேபம் கேட்டாக வேண்டும். இரவோடு இரவாகப் பெயர்க்கும் வேலை கூடாது.

சர்க்கார் செய்யும் வரை கைகட்டிக் காத்திருக்க வேண்டியதில்லை. நம் சங்கங்களே தொடங்கலாம். கோவைச் சின்னியம்பாளையத்தில் 1946 ஜனவரி 8ல் தூக்கிலேறிய நான்கு மில் தொழிலாளித் தோழர்களின் நினைவிடம் வரைபடத்தில் இருக்கிறதா? கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25ல் எரிக்கப்பட்ட 44 பேரின் நினைவுத் தூணைத் தேடினால் போன் வழி சொல்லுகிறதா? இருந்தால், அதன் கீழே என்ன எழுதியிருக்கிறது? எழுதியது யார்? அரைப் படி நெல் அதிகம் கேட்டதற்காக எரிக்கப்பட்டார்கள் என்று எழுதியிருக்கிறதா, அல்லது 'அசம்பாவிதம்' என்று மழுப்பியிருக்கிறதா? ஒவ்வொரு சங்கக் கிளையிலும் செல்போன் தெரிந்த இரண்டு இளைஞர்கள் உட்கார்ந்து பார்த்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் தெரிந்துவிடும். இல்லாததைச் சேர்க்கலாம், தவறாக இருப்பதைத் திருத்தலாம். ஆதாரத்தோடு, ஆண்டோடு, பெயரோடு சேர்க்க வேண்டும். பெரியவர்கள் கதை சொல்லட்டும்; இளைஞர்கள் எழுதட்டும்.

மெரினாவில் அந்த நான்கு பேரும் பாறையைத் தனித்தனியாகத் தள்ளவில்லை. ஒரே பாறைக்கு நான்கு தோள்கள் சேர்ந்திருக்கின்றன. அதனால்தான் பாறை அசைகிறது. இன்று நகரத்தின் வரைபடத்தின்மேல் கம்பெனிகள் பாறையைப் போல உட்கார்ந்திருக்கின்றன. அதை நெம்புவதற்கும் தோள்கள் சேர வேண்டும். சேர்ப்போம். நம் சிலைகளுக்கு நாமே வழி காட்டுவோம்!